இருபத்திரண்டாவது பொத்தான்

எலிஸபெத் புதுச்சேரிக்கு வந்து இறங்கியபோது அவளுக்கு முப்பத்தொரு வயது. அதற்குமுன் அந்த ஊரை அவள் பார்த்ததில்லை. அப்பா பிறந்த ஊர், கணவன் பிறந்த ஊர் என்று சைகோனில் கேட்டுக் கேட்டுப் பழகியதுதான். அங்கே அவர்கள் குடியிருந்தது மூன்றாவது மாடி. காரைத் தளம், வெள்ளைச் சுவர். சுவரில் ஒரு பல்லி தென்பட்டால் அன்றைக்கு அதுவே பேச்சு.

கணவன் அர்மான் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சார்ஜென்ட். ஐம்பத்தைந்தில் சைகோனை விட்டுப் பட்டாளம் கிளம்பியபோது அவளைக் கப்பலில் கூட்டிவந்தான். முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தான். அவளுடைய தையல் மிஷினையும் கண்ணாடி பதித்த பீரோவையும் இறக்கி வைத்தான். இருபதாம் நாள் அல்ஜீரியாவுக்குப் போய்விட்டான்.

அவர்கள் வருமுன் அந்த வீடு இரண்டு வருஷம் பூட்டிக் கிடந்தது. நாட்டு ஓடு, பனஞ்சட்டம், பின்பக்கம் கிணறு. முதல் மழை விழுந்த சாயங்காலம் எலிஸபெத் விளக்கை ஏற்றிவிட்டுத் திரும்பினாள். சமையலறைச் சுவரில் ஒரு கை விரல்களை விரித்துப் படிந்திருந்தது. அவளுடைய கையைவிடப் பெரிய கை. பிறகு அந்தக் கை நடந்தது.

அவள் போட்ட கூச்சலுக்குக் கொல்லைப் பக்கமாக ஓடிவந்தவள் அன்னக்கிளி. வில்லியனூர்ப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பெண். புருஷனுக்குப் பஞ்சாலையில் வேலை கிடைத்ததும் கூடவே டவுனுக்கு வந்து, பக்கத்து மனையில் இரண்டு மாடு வைத்திருந்தாள்.

"என்னாம்மா, பாம்பா?"

எலிஸபெத் சுவரைக் காட்டினாள்.

"இந்த எட்டுக்கால் பூச்சிக்கா இம்மாங் கூச்சலு? மாட்டைப் பாதிக் கறவையில வுட்டுட்டு ஓடியாறேன்."

"கடிக்குமா?"

"கடிக்காது. மேல மூத்திரம் பேஞ்சா கொப்பளிக்கும்."

"பேயுமா?"

"அத அதையே கேளு மதாமு."

தன்னைப்போலவே கறுப்பாக இருந்துகொண்டு, கவுன் போட்டுக்கொண்டு, எட்டுக்கால் பூச்சிக்குத் தமிழில் அலறுகிற ஒருத்தியை அன்னக்கிளி அதுவரை பார்த்ததில்லை. கேலியாக வந்த அந்த 'மதாமு' பிறகு பெயராகவே நின்றுவிட்டது.

சிலந்திகள் ஒன்றிரண்டல்ல. குளிக்கிற அறையில் ஒன்று, மச்சுப் படிக்கு அடியில் ஒன்று, பீரோவுக்குப் பின்னால் ஒன்று. வலை பின்னாத ஜாதி. பகலெல்லாம் இடுக்கில் தட்டையாக ஒட்டிக் கிடந்துவிட்டு, விளக்கேற்றும் நேரத்துக்கு வேலைக்குக் கிளம்புகிறவர்களைப்போல வெளியே வரும். எலிஸபெத் கொசுவலையை மெத்தைக்கு அடியில் நான்கு பக்கமும் செருகிக்கொண்டு படுத்தாள். காலையில் செருப்பைத் தட்டித் தட்டிப் போட்டாள். முதல் மாதம் எடை குறைந்துபோனாள். இருந்தாலும் வீட்டைக் காலி செய்கிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லியிருந்தால் சந்தோஷப்பட ஓர் ஆள் இருந்தார். அர்மானின் அண்ணன், அவளுடைய மூத்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ரெட்டியார்பாளையத்திலிருந்து வருவார். நாற்காலியில் உட்கார்ந்து, மீசையைத் தடவிக்கொண்டு, சுவர்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார்.

"ஒண்டிப் பொம்பளைக்கு எதுக்குத் தனி வீடு? அங்க வந்து இரேன். நாலு புள்ளைங்க இருக்குது, பொழுது போவும்."

நான்கு பிள்ளைகள், படுத்த படுக்கையான மனைவி, வந்து போகிற விருந்து. அங்கே பொழுது எப்படிப் போகும் என்று எலிஸபெத்துக்குத் தெரியும். மிஷினுக்கு அந்த வீட்டில் இடம் இருக்காது. அவள் கைகளுக்கு மட்டும்தான் இடம்.

ஐம்பத்தேழு ஜனவரியில் அர்மானிடமிருந்து கடிதம் வந்தது. அண்ணன் எழுதியிருந்தாராம். 'பாஸ்கு வரை பார். தையலில் காலூன்ற முடியவில்லையென்றால் அங்கே போய் இரு. எனக்கும் நிம்மதி' என்று முடித்திருந்தான். அதுவரை அவளுக்கு வந்ததெல்லாம் பாவாடைக்கு நாடா வைப்பது, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சட்டைக்குக் கை மாற்றுவது. பாஸ்குக்கு, ஈஸ்டர் திருநாளுக்கு, மூன்று மாதம் இருந்தது.

பயந்தவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். எலிஸபெத் அளந்தாள். சிலந்தி சுவரில் நிற்கும் இடத்தைத் தூரத்திலிருந்தே மனத்தில் குறித்துக்கொள்வாள். அது நகர்ந்ததும் போய்க் கால் நுனி இருந்த இரண்டு இடத்திலும் தையல் சாக்குக்கட்டியால் கோடு போட்டு நாடாவை வைப்பாள். ஒன்பது சென்டிமீட்டர். பத்தரை. பீரோவுக்குப் பின்னால் இருந்தது பன்னிரண்டு. இத்தனைதான் என்று தெரிந்த பிறகு அதற்குமேல் அது வளரவில்லை.

பார்க்கப் பார்க்க இன்னொன்றும் பிடிபட்டது. அவை சத்தத்துக்கு அசையவில்லை. காற்றுக்குத்தான் ஓடின. விளக்குமாறு போய்ச் சேருமுன்பே அதன் காற்று போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதனால்தான் அன்னக்கிளியின் விளக்குமாறு எப்போதும் சுவரைத்தான் அடித்தது. எலிஸபெத் எனாமல் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பிடித்து, மூச்சை அடக்கி, மாவு சலிக்கிற நிதானத்தில் கையைக் கொண்டுபோனாள். பீரோச் சிலந்தி நின்றது. கிண்ணத்துக்கு அடியில் கவுன் வெட்டுகிற அட்டையைச் செருகினாள். கொல்லையில் கொண்டுபோய் விட்டாள். கிண்ணத்தைச் சாம்பல் போட்டு மூன்று முறை கழுவினாள். ஆனால் விட்டுவிட்டாள்.

மூன்றாம் நாள் அது பீரோவுக்குத் திரும்பியிருந்தது. இடது பக்கம் ஒரு கால் இல்லாததால் அடையாளம் தெரிந்தது.

"அதே பூச்சிதான்க்கா. ஏழு காலு."

"வூட்டு வாடகைல பாதி அதுங்கிட்ட கேளு."

முகத்தில் மீசைபோல ஒரு வெள்ளைக் கோடு. எலிஸபெத் உற்றுப் பார்த்தாள். "எங்க மூத்தார் மாதிரி இருக்குதுக்கா. கூப்பிடாம வருவாரு. வந்தா போவமாட்டாரு. செவுத்துல நின்னு பாத்துக்கினே இருப்பாரு."

அன்னக்கிளி பால் செம்பைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அன்றிலிருந்து அதற்கு மூத்தார் என்று பெயர். மூத்தார் இருந்த அறையில் கரப்பான் இல்லை. கஞ்சி போட்ட துணியைக் கரப்பான் அரிக்கும். தையல்காரிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மிஷினை அந்த அறைக்கே மாற்றினாள். ஒருவர்மேல் ஒருவருக்கு ஒரு கண் இருந்தது.

பிப்ரவரியில் மதாம் ஜான்-பத்திஸ்த் வந்தார். கணவர் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் கிளோதினுக்குத் தவக்காலம் தொடங்குமுன் கல்யாணம் முடித்தாக வேண்டும். தொடங்கிவிட்டால் கோயிலில் கல்யாணம் வைக்கமாட்டார்கள். சம்பந்தி வீடு அவர்கள் வீட்டுக்கு அடுத்த தெருவிலேயே இருந்தது. முன்கூட்டியே யார் கண்ணும் கவுன்மேல் பட்டுவிடக் கூடாது என்பதால்தான் முத்தியால்பேட்டையில் பேர் தெரியாத ஒருத்தியைத் தேடி அவர் வந்ததும்.

"நீ சைகோன்ல கல்யாணக் கவுன் தச்சிருக்கியாமே?"

"பதினாலு தச்சிருக்கேன் மதாம்."

"இங்க?"

"இதான் முதல்."

மதாம் கொஞ்சம் யோசித்துவிட்டு வெள்ளைச் சாட்டின் துணியை மேஜைமேல் வைத்தார். அவர் வாய்க்குக் கோயில் வாசலில் இருந்த மரியாதை எலிஸபெத்துக்குத் தெரியும். அந்தக் கவுன் நன்றாக வந்தால் அடுத்த கல்யாணம் அவளைத் தேடி வரும். கெட்டால் பாஸ்குக்கு ரெட்டியார்பாளையம்.

முதுகில் கழுத்து முதல் இடுப்பு வரை பொத்தான் வரிசை. இருபத்திரண்டு. தச்சனிடம் மரத்தில் கடைந்து வாங்கி, ஒவ்வொன்றுக்கும் சாட்டின் போர்த்தி, பின்பக்கம் துணியை முடிச்சுப்போல இழுத்துக் கட்டினாள். துணியும் அத்தோடு தீர்ந்தது. வேலை முடிந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. பொத்தான் தட்டை எடுக்கக் கையை நீட்டினாள். தட்டின் மறுவிளிம்பில் மூத்தார் நின்றிருந்தார். அந்த வாரம் முழுக்க அவர் நடையே மெதுவாக இருந்தது. எதையோ நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரிவதுபோல. கரப்பானாக இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள்.

கை தானாக உதறியது. தட்டு கவிழ்ந்தது. பொத்தான்கள் நாலாபக்கமும் உருண்டன. மூத்தார் பீரோவுக்கு அடியில் ஓடி மறைந்தார்.

எலிஸபெத் முழங்காலிட்டு, பீரோவின்மேல் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு, மங்கலில் துழாவித் துழாவிப் பொறுக்கினாள். எண்ணிப் பார்த்தாள். இருபத்திரண்டு. பிஸ்கோத்து டின்னில் போட்டு மூடினாள். கணக்குச் சரியாக இருந்ததால் அவள் வேறெதையும் பார்க்கவில்லை.

அடுத்த எட்டு நாளில் இருபத்தொரு பொத்தான்களைத் தைத்துவிட்டாள். கடைசிப் பொத்தானை, கழுத்துப் பொத்தானை, அவள் முன்கூட்டித் தைப்பதில்லை. போட்டுக்கொள்கிறவள் நிமிர்ந்து நிற்கும்போது கழுத்தில் வைத்துப் பார்த்துத்தான் தைப்பாள். ஒரு நூல் அளவு தள்ளிப்போனாலும் கழுத்து உட்காராது. பதினாலு கவுனும் அப்படித்தான்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை பத்து மணி. தரையில் வெளுத்த வேட்டி விரித்து, அதன்மேல் கிளோதின் நின்றாள். எதிரே பீரோக் கண்ணாடி. கவுனின் வால் அறையில் பாதியை அடைத்திருந்தது. மதாம் நாற்காலியில். எலிஸபெத் பின்னால் நின்றாள். பல்லுக்கிடையில் ஏழெட்டுக் குண்டூசி. டின்னில் மிஞ்சியிருந்ததைப் பார்க்காமலே எடுத்தாள். பெண்ணின் கழுத்தையே பார்த்துக்கொண்டு, விரல்களுக்கிடையில் பிடித்து, நூல் கோத்த ஊசியை ஏற்றினாள்.

ஊசி வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கியது.

மரத்தில் ஊசி அப்படி இறங்காது.

அவள் கீழே பார்த்தாள். வட்டம், வெள்ளை, பொத்தான் அளவு. துணி இல்லை, நூலால் ஆன பை. கிழிந்த இடத்திலிருந்து கடுகளவு ஒன்று வெளியே வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு எண்ண முடியவில்லை. அவள் விரலில் ஏறின.

வாயில் ஊசி இல்லாதிருந்தால் கத்தியிருப்பாள். அன்னக்கிளி தெருக்கோடியிலிருந்து ஓடிவந்திருப்பாள். மதாம் பெண்ணை இழுத்துக்கொண்டு வெளியேறியிருப்பார். எலிஸபெத் கையை மூடினாள். உள்ளங்கைக்குள் ஊர்வது தெரிந்தது. மணிக்கட்டுக்கு இரண்டு வந்துவிட்டன. இடது கையால் வாயிலிருந்து குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து பஞ்சடைத்த ஊசிப் பொட்டணத்தில் குத்தினாள். எல்லாவற்றையும்.

"என்ன எலிஸபெத், நின்னுட்டே?"

"கழுத்துப் பொத்தான் சரியில்ல மதாம். மாத்திக் கொண்டாறேன்."

"ஒரு பொத்தானுக்கா இத்தனை நேரம்? பழைய தையக்காரர்கிட்டயே குடுன்னு இவங்க அப்பா அப்பவே சொன்னாரு."

"ஒரு நிமிஷம் மதாம்."

நடந்துதான் போனாள். ஓடவில்லை. கொல்லையில் அன்னக்கிளி கழுநீர்ப் பானையோடு நின்றாள்.

"என்னா மதாமு, கைய மூடிக்கினு வர்ற? முந்திரியா?"

எலிஸபெத் நந்தியாவட்டைச் செடிமேல் கையை நீட்டி விரித்தாள்.

"யம்மாடியோவ்!"

"கத்தாதக்கா. உள்ள அவுங்க இருக்காங்க."

"கைய ஒதறு!"

"ஒதறுனா காத்துல மேல ஏறும். தானா எறங்கட்டும்."

இலைகளில் இறங்கின. சிலது முழங்கை வரை போய்விட்டுத் திரும்பின. அன்னக்கிளி கிழிந்த பையைக் குனிந்து பார்த்தாள். பிறகு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"உன் மூத்தாரு முழுகாம இருந்திருக்காரு. ஒரு வார்த்தை சொல்லல பாரு."

எலிஸபெத்துக்குச் சிரிப்பு வந்தது. கிணற்று மேடையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப உன் பொத்தான் எங்க?" என்றாள் அன்னக்கிளி.

அது எலிஸபெத்துக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தட்டு கவிழ்ந்தபோது மூத்தார் நழுவவிட்ட முட்டைப் பையைத்தான் அவள் இருபத்திரண்டாவதாக எண்ணியிருந்தாள். அன்றைக்கு எல்லா இடத்திலும் துழாவினாள், ஓர் இடம் தவிர. பீரோவுக்கு அடியில்.

"வெளக்கமாறு தரட்டா? தள்ளி எடுத்துடலாம்."

"வேணாங்க்கா. வெளக்கமாறு போட்டா அது வெளிய ஓடியாரும். வந்தா கவுன் மேலதான் ஏறும்."

கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். கிளோதின் அப்படியே நின்றிருந்தாள். எலிஸபெத் அவள் காலடியில், பீரோவுக்கு முன்னால் முழங்காலிட்டாள்.

"இப்ப அங்க என்ன?" என்றார் மதாம்.

"கீழ் மடிப்பு பாக்குறேன் மதாம்."

இடது கை மடிப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. வலது கை பீரோவுக்கு அடியில் போனது. மூன்று விரற்கடை இடைவெளி. மாவு சலிக்கிற நிதானம். காற்று அசையக் கூடாது. முதலில் தூசு. பிறகு பீரோவின் கால். பிறகு நூல்கண்டு ஒன்று, எப்போதோ தொலைந்தது. இன்னும் உள்ளே, சுவரோரம், விரல் நுனியில் வழுவழுப்பாக ஒன்று பட்டது. சாட்டின். கெட்டியாக இருந்தது. விரலை மடக்கினாள்.

அப்போது புறங்கையில் ஒரு கால் பட்டது. பிறகு மற்றவை. பாரமே இல்லை. ஈர இழை ஒன்று விழுந்ததுபோல இருந்தது. அது ஏறி நின்றது.

கையை வைத்தே இருக்க முடியாது. மதாம் பார்த்துக்கொண்டிருந்தார். எலிஸபெத் அதே நிதானத்தில் கையை வெளியே இழுத்தாள். வெளிச்சத்தில் மூத்தார் அவள் புறங்கையை முழுவதும் மூடியிருந்தார். ஏழு கால். கவுனின் வெள்ளை விளிம்பு ஒரு சாண் தள்ளி; அந்தக் கவுனின் அகலம்தான் மதாமின் கண்ணுக்கு அதை இன்னும் மறைத்தது.

எலிஸபெத் தலையைத் தூக்கினாள். கிளோதின் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். உதட்டு நிறம் போயிருந்தது. இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"மமான்," என்றாள் கிளோதின். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் வந்தது. "அந்த ஜன்னல சாத்துங்களேன். வெயில் கண்ணுல குத்துது."

"இருக்கிறதே ஒரு ஜன்னல்," என்று முனகிக்கொண்டு மதாம் எழுந்து அந்தப் பக்கம் திரும்பினார்.

எலிஸபெத் பீரோவின் பக்கவாட்டில் கையை வைத்தாள். ஒரு பாலம்போல. மூத்தார் யோசித்தார். பிறகு ஒரு காலை மரத்தில் வைத்தார். பிறகு முழுவதுமாக மரத்துக்கு மாறி, பீரோவுக்குப் பின்னால் போனார். மதாம் திரும்பியபோது எலிஸபெத் எழுந்து நின்று பொத்தானை ஊதித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கழுத்தில் வைத்தாள். ஒரு நூல் அளவு இடது பக்கம் நகர்த்தினாள். தைத்தாள். ஊசி ஒருமுறைகூடப் பெண்ணின் தோலில் படவில்லை.

மதாம் எழுந்து வந்து சுற்றிப் பார்த்தார். கண்ணாடியில் பார்த்தார். விரலை விட்டுப் பார்த்தார். "கழுத்து உட்கார்ந்திருக்கு," என்றார். அவ்வளவுதான் சொன்னார். கோயில் வாசலில் அதையே ஐந்து பேரிடம் சொன்னார்.

போகும்போது கிளோதின் வாசற்படியில் பின்தங்கினாள். "அதுக்குப் பேரு இருக்கா?"

"மூத்தார்."

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு வண்டிக்கு ஓடினாள்.

தவக்காலம் முடியுமுன்பே மூன்று கவுனுக்குத் துணி வந்து சேர்ந்தது. பாஸ்கு முடிந்த சனிக்கிழமை ரெட்டியார்பாளையத்து மூத்தார் ஒரு மாட்டுவண்டியோடு வந்து நின்றார்.

"சாமானெல்லாம் கட்டியாச்சா?"

"இல்ல மாமா. துணி வெட்டிக்கினு இருக்கேன்."

"அர்மான் எழுதல?"

"எழுதினாரு. காலூன்ற முடியலன்னா போன்னு. ஊனிட்டேன்."

அவர் மேஜையில் கிடந்த மூன்று வெள்ளைத் துணியையும் பார்த்தார். பேச்சு நீளும் என்பதுபோல நாற்காலியில் உட்கார்ந்து சாய்ந்தார். அவர் தோளுக்குப் பின்னால் பீரோவின் ஓரத்திலிருந்து மற்ற மூத்தார் எட்டிப் பார்த்தார். நாற்காலி கவிழ்ந்த சத்தம் தெருவுக்குக் கேட்டது. மாமா வாசலுக்கு வெளியே, வண்டிமாட்டின் பக்கத்தில் நின்று மூச்சு வாங்கினார்.

"இந்த வூட்டுல மனுஷன் இருப்பானா?"

"மனுஷன் இருக்கமாட்டான் சாமி," என்றாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்த அன்னக்கிளி. "மதாமு இருக்கும்."

வண்டி காலியாகப் போனது. அன்று சாயங்காலமே எலிஸபெத் அர்மானுக்கு எழுதினாள். நான் இங்கேயே இருக்கிறேன், வரும்போது வெள்ளை நூல் வாங்கி வாருங்கள், சன்னமானதாக.

அவன் நூலோடு வந்தது அறுபத்தொன்றில், பென்ஷன் வாங்கிக்கொண்டு. அதற்குள் அவள் தைத்த கல்யாணக் கவுன் ஐம்பதைத் தாண்டியிருந்தது. வந்த அன்று விளக்கேற்றுகிற நேரத்தில் சமையலறையிலிருந்து ஒரு கூச்சல் கேட்டது. இரண்டு யுத்தம் பார்த்த மனிதன் முக்காலிமேல் ஏறி நின்றிருந்தான். எலிஸபெத் கிண்ணத்தையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"கைய வீசாதீங்க. காத்து பட்டா ஓடும்."

அவன் கையைக் கீழே போட்டான். அவள் சுவரில் கிண்ணத்தை வைத்தாள், அட்டையைச் செருகினாள், கொல்லைக் கதவை முழங்கையால் தள்ளினாள். முக்காலிமேல் நின்றபடியே அவன் பார்த்தான்.

"மறுபடி வருமா?"

"மூணு நாள் ஆவும்," என்றாள் எலிஸபெத். "அதுக்குள்ள எறங்கிடுங்க."